மூன்று தொன் போதும்

மாத்தளை மாவட்டத்தின் பல்லேபொலப் பக்கத்து வீட்டுத் தோட்டமொன்றில் ஒரு மகோகனியைத் தறிக்க அரை நாள் போதும். தறித்த குற்றியைத் தோட்டத்தின் அடிப்பள்ளத்திலிருந்து லொறி நிற்கும் மேட்டுக்கு ஏற்றுவதில்தான் செலவும் சேதமும் ஆபத்தும் இருக்கின்றன. நடுவே மிளகுக் கொடி ஏறிய கிளிரிசிடியா வரிசை, கல் வரம்பு கட்டிய படிநிலம், பக்கத்துக் காணியின் வேலி. இந்த நூறடி, இருநூறடியைக் கடக்க டிராக்டரின் பின்னால் பொருத்தும் வின்ச் பொருத்தமான கருவியா என்று கேட்டால், ஆம் என்பதே என் விடை. எந்த வின்ச், யார் கையில், என்ன நிபந்தனையில் என்பவற்றுக்குத்தான் நீண்ட பதில் தேவைப்படுகிறது.

இலங்கையில் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது 1990இல் நிறுத்தப்பட்டது. அதன் பின் நாட்டின் அரிமரத்தில் பெரும்பகுதி வீட்டுத் தோட்டம், இறப்பர்க் காணி, தென்னந்தோப்பு ஆகியவற்றிலிருந்தே வருகிறது. மாத்தளை மாவட்டத்தின் மேட்டு நிலத் தோட்டங்களில் பலா, மகோகனி, தேக்கு, கினிசப்பு எல்லாம் மிளகோடும் கோப்பியோடும் கமுகோடும் கலந்து நிற்கின்றன. காட்டில் யானையும் கனரக இயந்திரமும் செய்த வேலை இப்போது வீட்டு முற்றத்துக்கு வந்திருக்கிறது. காட்டில் ஒரு குற்றி வழி தவறி உருண்டால் செடிகள் நசுங்கும். இங்கே உருண்டால் கீழே ஒரு சமையலறைக் கூரை இருக்கிறது.

முதலில் பாரத்தைச் சரியாகப் போட்டுப் பார்ப்போம். 12 அடி நீளம், 75 அங்குலச் சுற்றளவு உள்ள ஒரு குற்றி. கால் சுற்றளவு முறையில் கணக்குப் பார்ப்பவர் இதை ஏறத்தாழ 29 கன அடி என்பார். அரியும்போது கிடைக்கும் பலகைக்கு அந்தக் கணக்கு நியாயமானது, ஆனால் இழுவைக்கு உதவாது. குற்றியின் உண்மையான கனவளவு 37 கன அடிக்கு மேல், அதாவது ஒரு கன மீற்றரைத் தாண்டும். பச்சை மரம் என்பதால் நிறை ஒரு தொன்னை ஒட்டி வரும். கொள்விலைக் கணக்கை வைத்து நிறையை ஊகிப்பவர் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தே நினைத்துக்கொள்கிறார்.

இனி இழுவை. மண்ணில் இழுபடும் குற்றிக்கு உராய்வு மட்டுமே அதன் நிறையில் பாதி முதல் முழு நிறை வரை எடுக்கும். நடுவாக 0.7 என்று வைத்து, 20 பாகை ஏற்றத்தில் கணக்கிட்டால் ஒரு தொன் குற்றிக்கு ஏறத்தாழ ஒரு தொன் இழுவை வேண்டும். 30 பாகையில் 1.1 தொன். குற்றியின் மூக்கு ஓர் அடிக்கட்டையில் முட்டும் கணத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது தேவை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறும். ஆக 3 தொன் இழுக்கும் வின்ச், பல்லேபொலவின் வழமையான குற்றிக்கு மும்மடங்கு வலு கொண்டது. வினாடிக்கு அரை மீற்றர் வேகத்தில் 3 தொன்னை இழுக்கச் சுமார் 20 குதிரை வலு போதும். ஊரில் ஓடும் 45 குதிரை வலு மெசி பேர்குசனும் டாஃபேயும் இதைத் தாராளமாகக் கொடுக்கும்.

அப்படியிருக்க 5 தொன், 6 தொன் வின்ச்சின் மேல் ஆசை ஏன் வருகிறது? வலு கூடியது பாதுகாப்பானது என்ற நம்பிக்கையால். இந்த நம்பிக்கை தவறு என்பதை வடத்தின் கணக்கே காட்டிவிடும்.

வின்ச்சின் உயர்ந்தபட்ச இழுவையைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு பாரத்தில்தான் வடம் அறுந்துபோக வேண்டும் என்பது மர வின்ச்களுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட விதி. இரும்பு உள்வடம் கொண்ட சாதாரண 10 மில்லிமீற்றர் கம்பி வடம் ஏறத்தாழ 63 கிலோநியூட்டனில் அறும், அதாவது 6.4 தொன். 3 தொன் வின்ச்சுக்கு இது சரி. 3.5 தொன்னுக்கு வந்தால் மடங்கு 1.8க்கு இறங்கிவிடுகிறது. அங்கே 11 மில்லிமீற்றர் வடம் வேண்டும், அல்லது இழைகளை அழுத்தி இறுக்கிச் செய்த காட்டுவேலை வடம் வேண்டும். 5 தொன் என்றால் 13 மில்லிமீற்றருக்குக் குறைய முடியாது. 10 மில்லிமீற்றர் வடம் 50 மீற்றர் நீளத்துக்குச் சுமார் 20 கிலோ நிறை. 13 மில்லிமீற்றர் அதே நீளத்துக்கு 34 கிலோவை நெருங்கும். வடத்தைப் பள்ளத்துக்கு இழுத்துக்கொண்டு இறங்கி, அடுத்த குற்றிக்கு மறுபடி ஏறி, மறுபடி இறங்கும் ஆளுக்கு இந்த 14 கிலோ பெரிய வித்தியாசம். களைத்த ஆள் சங்கிலியைச் சரியாகப் பூட்டமாட்டார். கிட்டிய குற்றியோடு நிறுத்திக்கொள்வார். பாரமான வடம் வேலையை மெதுவாக்குவதோடு நிற்பதில்லை, பிழையையும் கூட்டுகிறது.

இரண்டாவது கணக்கு டிராக்டரின் நிறை. 45 குதிரை வலு டிராக்டர் இரண்டு தொன்னுக்கு உட்பட்டது. அதில் 5 தொன் வின்ச்சைப் பூட்டினால் எது முதலில் விட்டுக்கொடுக்கும் என்பதைத் தீர்மானிப்பது வின்ச் அல்ல. மண்ணில் ஊன்றிய வின்ச்சின் பின்தகடு பெயர்ந்துவிடும், அல்லது முன்சில்லு எழும்பும். சின்ன டிராக்டரில் அளவான வின்ச் இருந்தால், குற்றி சிக்கியதும் கிளச் வழுக்கி நின்றுவிடும். அந்த நிறுத்தம் ஒரு பாதுகாப்பு. பெரிய வின்ச் வாங்குபவர் காசு கொடுத்து அந்தப் பாதுகாப்பை நீக்கிவிடுகிறார்.

இன்னொரு விவரம் வாங்குபவர் கண்ணில் படுவதில்லை. தயாரிப்பாளர் எழுதும் இழுவை, பீப்பாயில் வடம் ஓர் அடுக்கு மட்டும் இருக்கும் நிலைக்கானது. வடம் சுற்றச் சுற்றப் பீப்பாயின் ஆரம் கூடும், இழுவை குறையும். அதனால் குற்றி தூரத்தில் இருக்கும்போது வின்ச் அதிக வலுவோடும், டிராக்டருக்குக் கிட்ட வரும்போது குறைந்த வலுவோடும் இழுக்கிறது. கடைசி ஏற்றத்தில் இழுவை போதாமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். வின்ச் கெட்டுவிட்டதாக நினைத்துக் கிளச்சை இறுக்கிவிடுவது, மேலே சொன்ன பாதுகாப்பைக் கையாலேயே கழற்றுவதாகும். கப்பி ஒன்றைப் போட்டு இழுவையை இரட்டிப்பாக்குவதே அதற்கு முறையான வழி.

வின்ச்சோடு போட்டியிடும் மற்ற வழிகளையும் நியாயமாக எடைபோட வேண்டும். யானையை நான் இகழமாட்டேன். மண்ணைக் கிளறாமல், மரத்துக்கு மரம் வளைந்து, சிக்கினால் தானே பின்வாங்கி வேறு கோணத்தில் இழுக்கும் அறிவு எந்த இயந்திரத்துக்கும் கிடையாது. ஆனால் வளர்ப்பு யானைகள் இப்போது அரிது. 2021 ஓகஸ்ட்டில் வந்த வர்த்தமானி விதிகள் மரம் இழுக்கும் யானையை நாளுக்கு நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றும், இரவில் வேலை வாங்கவே கூடாது என்றும் சொல்கின்றன. அந்த விதி சரியானது. யானையின் முதுகில் இருந்த சுமையை வேறெங்காவது வைத்துத்தானே ஆக வேண்டும். பெக்கோ இயந்திரம் வலுவானது, கிடைப்பதும் எளிது. ஆனால் அது உள்ளே இறங்கப் பாதை வெட்ட வேண்டும். பாதை வெட்டினால் கல் வரம்பு போய்விடும். மண்சரிவு அபாயம் உள்ளதாக அடையாளம் காணப்பட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று என்பதை மறந்து, ஒரு குற்றிக்காகச் சரிவில் பாதை வெட்டுவதை ஏற்க முடியாது.

மிகவும் பழகிப்போனது மூன்றாவது வழி. டிராக்டரின் பின்னே சங்கிலியைக் கட்டி, கியரைப் போட்டு இழுப்பது. மிக மோசமானதும் இதுவே. சங்கிலி பின் அச்சுக்கு மேலே கட்டப்பட்டு, குற்றி ஒரு வேரில் சிக்கியதென்றால் பின்சில்லு சுற்ற முடியாமல் டிராக்டரின் உடல் அச்சைச் சுற்றி எழும்புகிறது. முன்சில்லு நிலத்தை விட்டதிலிருந்து டிராக்டர் மல்லாக்க விழும் வரை ஏறத்தாழ ஒன்றரை வினாடி. திரும்ப முடியாத கட்டம் அதில் பாதியிலேயே வந்துவிடும். ஓட்டுநரின் கால் கிளச்சைத் தேடுவதற்கு அந்த நேரம் போதாது. ஹரி பேர்குசன் கலப்பையை மூன்று புள்ளிகளில் இணைக்கும் அமைப்பை உருவாக்கியதற்கு ஒரு காரணம், கலப்பை கல்லில் முட்டும்போது டிராக்டர் பின்னோக்கிக் கவிழ்ந்து ஓட்டுநரைக் கொல்வதைத் தடுப்பது. அவருடைய பெயரைத் தாங்கிய டிராக்டரிலேயே அந்த இணைப்பை ஒதுக்கிவிட்டு அச்சில் சங்கிலி கட்டுகிறோம். சுவீடனில் 1959 முதல் புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்வுச் சட்டகம் கட்டாயம். நம் ஊரில் ஓடும் பழைய டிராக்டர்கள் பலவற்றில் ஆசனத்துக்குப் பின்னால் வானம்தான் இருக்கிறது.

வின்ச் இந்த ஆபத்தை எடுத்துவிடுவது எப்படி என்றால், டிராக்டரை நகரவிடாமல் செய்வதால். மூன்று புள்ளி இணைப்பில் தொங்கும் வின்ச்சை நிலத்தில் இறக்கி, பின்தகட்டை மண்ணில் ஊன்றி, பிரேக்கைப் போட்டு, ஓட்டுநர் ஆசனத்தை விட்டு இறங்கிவிடுகிறார். எஞ்சின் வலுவை வெளியே தரும் பீ.ரீ.ஓ. தண்டு பீப்பாயைச் சுற்றுகிறது. குற்றி டிராக்டரிடம் வருகிறது. தகட்டின் அருகே வந்ததும் முன்நுனியைத் தூக்கிப் பூட்டிக்கொண்டு மெதுவாக ரோட்டுக்கு ஓட்டலாம். மூக்கு நிலத்தில் இல்லாததால் மண் உழப்படுவதில்லை.

இந்த வகையில் பெயர் பெற்றவை பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வருபவை. பின்லாந்தின் ஃபார்மி, நோர்வேயின் இக்லாண்ட், டென்மார்க்கின் ஃபிரான்ஸ்கோர்ட், சுலோவேனியாவின் தைஃபூன், யூனிஃபொரெஸ்ட். சிறு அளவுகளில் நூல் கயிற்றை இழுத்துக் கிளச்சைப் பூட்டும் பொறிமுறை வகையும், மின்சார, நீரழுத்தக் கட்டுப்பாட்டோடு தொலைவியக்கி கொண்ட வகையும் உண்டு. தொலைவியக்கி மேலானதா? குற்றியைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடத்தில் நின்று இயக்கலாம் என்பது உண்மையான நன்மை. வளைந்த பள்ளத்தில் அது உயிரைக் காக்கும். ஆனால் அதே கருவி ஆளைக் குற்றியின் பக்கத்திலேயே நடக்கவும் தூண்டுகிறது. மின்சுற்று கெட்டால் திருத்துவதற்கு ஆள் தேடி அலைய வேண்டும். கயிற்று வகையில் கையை விட்டால் இழுவை நிற்கிறது. அதன் உறுப்புகளை மாத்தளை நகரத்து மெக்கானிக் ஒருவர் கழற்றிப் பார்த்து விளங்கிக்கொள்வார். பல்லேபொலவுக்குக் கயிற்று வகையையே தேர்வேன். இழுக்கும் கயிறு மட்டும் நீளமாக இருக்க வேண்டும்.

உள்ளூர்ப் பட்டறையில் லொறியின் பழைய டிபரென்ஷலை வைத்துச் செய்யும் வின்ச்களை ஏற்க முடியுமா? இழுவையில் அவை குறைந்தவை அல்ல. இரண்டு இடங்களில் தோற்கின்றன. கையை விட்டதும் நிற்கும் கிளச் இல்லை, ஆளுக்கும் வடத்துக்கும் நடுவே இரும்பு வலை இல்லை. வலையைப் பட்டறையில் வெல்ட் செய்துகொள்ளலாம். வழுக்கும் கிளச்சை அவ்வாறு ஒட்டவைக்க முடியாது. ஆகவே என் தீர்ப்பில் அவை நிராகரிக்கப்படுகின்றன, விலை பாதியானாலும்.

வடம் கம்பியா, செயற்கை நாரா? நார் வடம் அதே வலுவுள்ள கம்பியின் நிறையில் ஏழில் ஒரு பங்கை ஒட்டியது. அறுந்தால் கம்பியைப் போல் சுழன்று அடிப்பதும் குறைவு. தூக்கிச் செல்பவருக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் அது 150 பாகை செல்சியஸுக்குள் உருகிவிடும். கல் வரம்பின் விளிம்பில் உராய்ந்தால் இழை இழையாகப் பிய்யும். மணல் துணிக்கைகள் உள்ளே புகுந்து அறுக்கும். படிநிலத்துக் கல் வரம்புகளை நினைத்து, தயக்கத்தோடுதான் கம்பி வடத்தின் பக்கம் சாய்கிறேன். கல்லில்லாத தென்னந்தோட்டத்தில் வேலை செய்பவர் நாரை எடுத்துக்கொள்வது சரி.

கம்பி வடத்தை எடுப்பவர் அதைப் பார்க்கப் பழக வேண்டும். வேலை தொடங்குமுன் வடத்தை முழுவதும் வெளியே இழுத்து, தடித்த பழந்துணி ஒன்றை அதன் மேல் சுற்றி மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். வெறுங்கையால் வேண்டாம். அறுந்த கம்பி இழை இருக்கும் இடத்தில் துணி கொளுவிப் பிடிக்கும். அந்த இடத்தை நின்று பார்த்தால் ஊசி முனைபோல் இரண்டு மூன்று இழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இழைகள் கூடுபோல் விரிந்திருந்தாலோ, வடம் ஒருமுறை மடிந்து நிமிர்ந்த முறிவு தெரிந்தாலோ அத்தோடு வெட்டிவிட வேண்டும். வெட்டிய நுனியில் கொழுக்கியை மறுபடி எப்படிப் பூட்டுகிறார்கள் என்பதில்தான் ஒரு குழுவின் தரம் தெரியும். முடிச்சுப் போட்டால் வடத்தின் வலுவில் பாதி போய்விடும். மேலே பார்த்த 6.4 தொன் வடம் முடிச்சோடு 3.2 தொன் வடமாகிறது. 3 தொன் வின்ச்சுக்கு ஒதுக்கம் எதுவும் மிஞ்சவில்லை. யூ வடிவக் கிளிப்புகளைப் போட்டால் ஐந்தில் நான்கு பங்கு வலு நிற்கும், அதுவும் கிளிப்பின் தட்டையான அடிப்பக்கம் பாரம் தாங்கும் வடத்திலும், யூ வளைவு வெட்டிய நுனியிலும் இருந்தால் மட்டுமே. அழுத்தி முடித்த கண்ணி இரண்டையும்விட மேல். குற்றியைப் பிடிக்கும் சங்கிலி தரம் 8 என்று கணுவில் பொறித்ததாக இருக்க வேண்டும். 8 மில்லிமீற்றர் போதும். மாடு கட்டும் சங்கிலியை இந்த வேலைக்கு எடுக்கக்கூடாது.

நிற்கும் இடம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. நேர் இழுவையில் வடத்தின் இரு பக்கமும் ஆபத்து. கப்பியில் வடம் திரும்பினால் உள்கோணம் முழுவதும் சாவுநிலம், ஏனென்றால் கப்பியின் பட்டி அறுந்தால் வடம் அந்தப் பக்கமே வெட்டிக்கொண்டு பாயும். இந்தப் பட்டி தாங்கும் பாரம் பலருக்குத் தெரிவதில்லை. வடம் செங்கோணமாகத் திரும்பினால் நங்கூர மரத்தில் 1.4 மடங்கு பாரம். வடம் திரும்பி டிராக்டரை நோக்கியே வந்தால் இரண்டு மடங்கு. 3 தொன் இழுவை மரத்தில் 6 தொன்னாகிறது. ஆகவே கட்டுவதற்கு உயிருள்ள பலா, மகோகனி போன்ற ஆணிவேர் மரம், அதன் அடியில் அகலமான பட்டி. தென்னையும் கமுகும் கித்துலும் எவ்வளவு தடித்து நின்றாலும் ஆணிவேர் இல்லாதவை. அவற்றை நங்கூரமாக்கக்கூடாது.

டிராக்டர் எப்போதும் மேட்டில், குற்றி பள்ளத்தில். தமிழ்நாட்டின் ஆனைமலையில் மேட்டிலிருந்து தேக்கைச் சறுக்கிவிட்ட இடம் இன்றும் டாப்சிலிப் என்றே அழைக்கப்படுகிறது. காட்டுச் சரிவில் அது ஒரு தொழில்முறையாக இருந்தது. வீட்டுத் தோட்டத்தில் கீழே நிற்கும் டிராக்டரை நோக்கிக் குற்றியை இழுத்தால், அது வடத்தை முந்திக்கொண்டு வரும்போது நிறுத்த எதுவும் இல்லை. இழுவை டிராக்டரின் பின்னே கூடியவரை நேராக இருக்கட்டும். பக்கவாட்டில் இழுத்தால் டிராக்டர் சரிந்து விழும்.

பீ.ரீ.ஓ. தண்டைப் பற்றி ஒரே ஒரு விடயம் சொல்கிறேன். அது நிமிடத்துக்கு 540 சுற்று, வினாடிக்கு 9 சுற்று. அதன் உறை உடைந்திருந்து சாரத்தின் ஓரம் ஒட்டிக்கொண்டால் வினாடிக்கு இரண்டு மீற்றர் துணி சுற்றப்படும். ஆளை உதறிக்கொள்ள அவகாசமே கிடையாது. இந்தப் பகுதியில் சாரத்தோடு வேலைக்கு வருபவர்கள் நிறைய. உறை உடைந்த தண்டோடு வின்ச்சை இயக்கக்கூடாது, சாரம் கட்டியவர் அதன் அருகே போகவும் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பு எதையும் நான் ஏற்கமாட்டேன்.

மழைக்காலத்தில் வேலை வேண்டாம் என்பதற்கு வழுக்கல் மட்டும் காரணமல்ல. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை ஊறிய மண்ணில் பின்தகடு பிடிக்காது. அதைவிட, ஒரே தடத்தில் நாலு குற்றி இழுபட்டால் அந்தத் தடம் அடுத்த மழைக்கு ஓடையாகிவிடும். காய்ந்த காலத்தில், வரம்பை வெட்டாமல், குற்றியின் மூக்கைத் தூக்கியபடி, சரிவுக்குக் குறுக்காகவும் நேராகவும் மாறி மாறித் தடம் வைத்து இழுப்பவர் தோட்டத்தைக் காப்பாற்றுகிறார். மிளகுத் தாங்குமரம் ஒன்று சாய்ந்தால் அதில் ஏறிய கொடி திரும்பக் காய்ப்பதற்கு வருடங்கள் ஆகும். அந்த நட்டம் குற்றியின் விலையில் எங்கும் எழுதப்படுவதில்லை.

சட்டத்தின் பக்கம் பார்த்தால் ஓர் ஓட்டை தெரிகிறது. பலாவைத் தறிக்க 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அனுமதி கேட்கிறது. மரத்தைக் கொண்டுசெல்வதற்கும் அனுமதிப்பத்திர முறை உண்டு. மரத்துக்கு இவ்வளவு காவல் இருக்கிறது. இழுப்பவருக்கோ? 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைகளை நினைத்து எழுதப்பட்டது. வீட்டுத் தோட்டத்தின் பள்ளத்தில் அதன் பரிசோதகர் வந்து நிற்பார் என்று எதிர்பார்க்க முடியாது. 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்துக்குப் பிறகுதான் பேசத் தொடங்கும். நாட்கூலிக்கு வந்தவர் யாருடைய வேலையாள் என்ற வாதம் அதற்கும் முன்னால் வந்து நிற்கும்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், பல்லேபொலத் தோட்டக்காரர் ஒருவர் தனக்கென வின்ச் வாங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பத்து வருடத்துக்கு ஒருமுறை மூன்று மரம் விற்பவரிடம் அது துருப்பிடித்துக் கிடக்கும். துருப்பிடித்த வடம் புது வடத்தைவிடப் பெரிய ஆபத்து. வாங்க வேண்டியவர்கள் வாரந்தோறும் மரம் இழுக்கும் மரக்காலைக்காரரும் கொந்தராத்துக்காரரும்தான். அவர்கள் வாங்க வேண்டியது 3 தொன் அளவு, கயிற்றால் இயங்கும் கிளச், 50 மீற்றர் நீளத்தில் 10 மில்லிமீற்றர் வடம், ஒரு கப்பி, இரண்டு அகலப் பட்டிகள், நாலு தரமான சங்கிலிகள். மிச்சம் பிடிக்கும் காசில் கவிழ்வுச் சட்டகமும் போடலாம். டிராக்டர் ஐம்பது மீற்றருக்குள் நெருங்கவே முடியாத தோட்டத்தில் இதுவும் உதவாது. அங்கே குற்றியை எட்டடித் துண்டுகளாக்கிக் கை வின்ச்சில் ஏற்றுவதே வழி. நீள மரத்தின் கூடுதல் விலையை அந்தத் தோட்டக்காரர் விட்டுவிடத்தான் வேண்டும்.

காணிக்காரர் செய்ய வேண்டியது, குழு வந்ததும் பேரம் பேசுமுன் டிராக்டரின் பின்னால் போய்ப் பார்ப்பது. வடத்தின் நுனியில் முடிச்சு இருந்தாலும், வலை கழன்றிருந்தாலும், தண்டின் உறை உடைந்திருந்தாலும், லொறி ரோட்டில் காத்து நின்றால்கூட அவர்களைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.